வெக்கைக்கு வெங்காயம்: மாட்டு நோயும் மூலிகையும் பற்றி ஒரு வரலாற்றுக் கதை

1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மாட்டுப் பட்டிகளில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, பெருங்காயம் எல்லாவற்றையும் சேர்த்து அவித்து நோய்ப்பட்ட மாடுகளுக்குப் பருக்கிக்கொண்டு இருந்தார்கள். எங்கட வீட்டுக் குசினியில ரசம் வைக்க எடுக்கிற சாமான் மாதிரி இருக்கு என்று உங்களுக்குத் தோன்றினால் அதில ஆச்சரியம் இல்லை. இந்தக் கலவையை அங்கே பரிந்துரைத்தவர் இலங்கையில் நீண்டகாலம் கோப்பித் தோட்டம் நடத்திவிட்டுத் திரும்பிப்போன ஒருவர்.

இந்தக் கதையை இப்ப எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2020இல் வடக்கில் மாடுகளுக்குப் பெரியம்மை வந்ததில் இருந்து, மாட்டு நோய் ஒன்று பரவுது என்ற செய்தி வந்த உடனேயே வட்ஸ்அப்பில் வெற்றிலையும் மிளகும் வந்துவிடும். "எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலேயே கண்டுபிடிச்ச மருந்து" என்று ஒரு பக்கம் சொல்லும். "இதெல்லாம் சும்மா பாட்டி வைத்தியம்" என்று மற்றப் பக்கம் சிரிக்கும். இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கிற இடைவெளியில, ஒரு மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற வீட்டில அந்த மாடு தீன் எடுக்காமல் நிற்கும்.

நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். மருந்து செய்யத் தெரியாது. ஆனால் வரலாற்றிட்ட ஒரு கேள்வியைக் கேட்கலாம்: மூலிகை மாட்டு நோயில உண்மையிலேயே என்ன வேலையைச் செய்திருக்கு, எந்த வேலையைச் செய்யேல்லை?

லண்டனுக்குப் போன மருந்து

1865 யூன் மாதம் லண்டன் மாடுகளில் ஒரு நோய் தெரிய வந்தது. பால்டிக் கரையில் இருந்து ஹல் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த மாடுகளோடு அது வந்தது என்று சொல்லுவார்கள். தமிழ்நாட்டில் இந்த நோய்க்குப் பெயர் வெக்கை. முதலில் காய்ச்சல், பிறகு வாய்க்குள் புண், கண்ணாலும் மூக்காலும் நீர் ஒழுகுதல், கடைசியில் கடுமையான கழிச்சல். இதுவரை அந்த நோயைக் காணாத மந்தைக்குள் அது புகுந்தால் நூறில் 80, 90 மாடுகள் செத்துப்போகும்.

அந்தக் காலத்தில் வைரஸ் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கிருமிக் கொள்கையே அப்பதான் விவாதத்துக்கு வந்துகொண்டு இருந்தது. அதனால் எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். இரசாயனம், இரத்தம் வெளியேற்றுதல், ஹோமியோபதி, தேவாலயத்தில் பிரார்த்தனை. அந்த வரிசையில்தான் வோர்ம்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவரின் வெங்காயமும் உள்ளியும் வந்தது. புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தை ஆரம்பித்த அதே வோர்ம்ஸ் குடும்பம்தான். தன்னுடைய இலங்கை அனுபவத்தை வைத்து அவர் சொன்ன கலவைக்குக் கொஞ்ச நாள் பெரிய மவுசு இருந்தது. சில மாடுகள் பிழைத்தன என்ற செய்தி பரவியது. பிறகு கன மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை கரைந்து போனது.

ஒரு தோட்டத்துரைக்கு மாட்டு வைத்தியத்தில் ஏன் அக்கறை? கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல்தான். அதுவரை மலையில் விளைந்த கோப்பியைக் கொழும்புக்கு இறக்கினது மாட்டு வண்டில்கள். மாடு விழுந்தால் கோப்பி நகராது, கோப்பி நகராவிட்டால் காசு இல்லை. தோட்டத்துக்கு மாடு ஒரு முதலீடு. அந்த மாட்டைப் பார்த்தது வண்டில்காரரும் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளரும். உள்ளியையும் இஞ்சியையும் பெருங்காயத்தையும் சேர்த்து அவிக்கிற கைப்பழக்கம் யாருடையது என்று நாங்கள் ஊகிக்கத்தான் முடியும். மருந்து கடல் தாண்டினபோது அதோடு போன பெயர் துரையின் பெயர் மட்டும்தான்.

இங்கிலாந்தில் அந்த நோயை நிற்பாட்டினது எந்த மருந்தும் இல்லை. 1866இல் சட்டம் போட்டார்கள். நோய் வந்த மாட்டை வெட்டிப் புதைக்கச் சொன்னார்கள், மாட்டுச் சந்தைகளைக் கட்டுப்படுத்தினார்கள், மாட்டை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதைத் தடுத்தார்கள். 1867இல் நோய் அடங்கியது. அதற்குள் சுமார் 4 லட்சம் மாடுகள் போயிருந்தன.

மருந்தைச் சோதித்த நோய்

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேணும். ஒரு மருந்து நல்லதா இல்லையா என்று எங்களுக்குக் காட்டுவது பல நேரம் மருந்து இல்லை, நோய்தான்.

வெக்கை வந்தால் நூறில் 80 மாடு சாகும். அந்த இடத்தில் எந்தக் கசாயத்தாலும் ஒளிந்துகொள்ள முடியாது. வேலை செய்யாவிட்டால் ஒரு கிழமைக்குள் பட்டி காலியாகும். ஐரோப்பிய வைத்தியருடைய மருந்துகளும் அப்படியேதான் தோற்றன. காலனித்துவ மிருக வைத்தியர்கள் உள்ளூர் வைத்தியத்தைக் கீழாகப் பார்த்த காலத்தில் அவர்களிட்ட அதைவிட நல்ல மருந்து ஒன்றும் இருக்கேல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இப்ப கால்வாய் நோயை எடுங்கோ. தமிழ்நாட்டில் கோமாரி என்பார்கள். வாயிலும் குளம்பிலும் புண் வரும், பால் குறையும், மாடு நொண்டும். ஆனால் வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு கிழமையில் தானாகவே தேறும். கன்றுகளுக்குத்தான் இதயம் பாதிக்கப்பட்டுச் சாவு கூட வரும். பெரியம்மை என்கிற தோல் கழலை நோயும் கிட்டத்தட்ட அப்படித்தான். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து பார்க்கவே பயமாக இருக்கும். ஆனாலும் உலக விலங்கு சுகாதார அமைப்பின் கணக்கில் சாவு பொதுவாக 1 முதல் 5 வீதம்.

நூறு மாட்டில் 95 பிழைக்கிற நோய்க்கு நீங்கள் என்ன கொடுத்தாலும் 95 வீட்டில் "இந்த மருந்தாலதான் பிழைச்சது" என்று சொல்லுவார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்லினம். ஆனால் மருந்து கொடுக்காத மாடு என்ன ஆனது என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்க மறந்துபோகினம். மூலிகைக்கு மட்டும் இல்லை, ஊசி மருந்துக்கும் இதே கதைதான். அன்டிபயோட்டிக் வைரசைக் கொல்லாது, ஆனால் ஊசி போட்டுத்தான் மாடு தேறினது என்று நம்புகிற ஆக்கள் எத்தனை பேர்?

வெக்கை எப்படி ஒழிந்தது

1880களின் கடைசியில் வெக்கை கிழக்கு ஆபிரிக்காவுக்குள் புகுந்து பத்து வருசத்துக்குள் கண்டத்தின் தெற்கு முனை வரைக்கும் போனது. எத்தியோப்பியாவில் உழவு மாடு இல்லாமல் பெரும் பஞ்சம் வந்தது. 1896இல் றொபேர்ட் கொக் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் ஆய்வாளரைத் தென்னாபிரிக்காவின் கிம்பர்லிக்குக் கூப்பிட்டார்கள். நோயால் செத்த மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டுக்கு ஏற்றினால் எதிர்ப்புச் சக்தி வரும் என்று அவர் காட்டினார். ஆபத்தான வழிதான், ஆனால் பாதை தெரிந்துவிட்டது. நோய் வந்த பிறகு மருந்து தேடுவதை விட்டுவிட்டு, வர முதலே உடம்பைத் தயார்ப்படுத்துகிற பாதை.

1898இல் லொஃப்லரும் ஃப்ரொஷும் கால்வாய் நோயை உண்டாக்குவது பக்டீரியாவை மறிக்கிற வடிகட்டிக்குள்ளாலும் போகக்கூடிய ஏதோ ஒன்று என்று காட்டினார்கள். விலங்குகளில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் அதுதான். 1902இல் வெக்கைக்கும் அப்படிப்பட்ட ஒன்றே காரணம் என்று கொன்ஸ்தாந்திநோபிளில் உறுதிசெய்தார்கள். 1920களில் இந்தியாவின் முக்தேஸ்வர் ஆய்வுகூடத்தில் எட்வேர்ட்ஸ் அந்த வைரசை ஆடுகளில் வளர்த்து வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி செய்தார். பிறகு கென்யாவில் வோல்டர் ப்ளோரைட் ஆய்வுகூடக் கலங்களில் வளர்த்து அதைவிடப் பாதுகாப்பான ஒன்றைச் செய்தார்.

ஆனால் தடுப்பூசி இருந்தால் மட்டும் போதாது. குளிரூட்டி இல்லாத பாலைவனத்துக்கு அதைக் கொண்டுபோக வேணும். 1980களின் கடைசியில் வெப்பத்தைத் தாங்கக்கூடிய தடுப்பூசி உருவாக்கப்பட்டது. அதை சூடானிலும் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் போட்டவர்கள் யார் தெரியுமா? பட்டம் பெற்ற வைத்தியர்கள் போக முடியாத, யுத்தம் நடக்கிற இடங்களில், பயிற்சி கொடுக்கப்பட்ட மாடு மேய்ப்பவர்களே போட்டார்கள். எந்த மந்தையில் நோய் இருக்கு, எந்த வழியால் வந்தது, இது வெக்கைதானா இல்லை வேறு நோயா என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நோய்க்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களையும் அடையாளங்களையும் கேட்டு எழுதித்தான் வைத்தியர்கள் கடைசி நோயிடங்களைத் தேடிப் பிடித்தார்கள். 2001இல் கென்யாவில் கடைசியாகக் காணப்பட்ட வெக்கை 2011இல் உலகத்தில் இருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரிய அம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் இது.

கிராமத்து அறிவு இந்த வெற்றியில் பெரிய பங்கு எடுத்தது. ஆனால் கசாயமாக இல்லை. நோயை அடையாளம் காண்கிற கண்ணாக.

இந்தக் கதையில் எங்கட நாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கு. இலங்கையில் சுமார் 40 வருசம் இல்லாமல் இருந்த வெக்கை 1987இல் திரும்பி வந்தது. இந்திய அமைதிப்படையின் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்திருக்க வேணும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கினம். ஆயுதத்தோடும் அரசியலோடும் வந்தவர்களைப் பற்றி நாங்கள் கன கதைச்சிருக்கிறம். அந்த ஆடுகளைப் பற்றிக் கதைச்சது குறைவு.

வெற்றிலையும் வெந்தயமும்

இனி மூலிகைக்கு வருவம். தமிழில் மாட்டு வாகடம் என்று ஒரு நூல் வகையே இருக்கு. மாட்டுக்கு வருகிற நோய்களையும் மருந்துகளையும் சொல்கிற ஏடுகள். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் அவற்றில் சிலதைப் பதிப்பித்தும் இருக்கு. அதே தஞ்சாவூரில்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு வைத்தியங்களைத் தொகுத்து, அளவு குறித்து, விவசாயிகளுக்குப் பரப்பினார். இந்தியாவின் தேசிய பால்வள வாரியமும் அவற்றைக் கையில் எடுத்தது. 2022இல் பெரியம்மையால் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மாடுகள் செத்தபோது வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்ந்த உருண்டை ஊர் ஊராகப் போனது. எங்கட போனுக்கு வந்ததும் அதுதான்.

கால்வாய் நோய்க்கு அவர்கள் சொல்கிறது இன்னும் சுவாரசியமானது. நற்சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், உள்ளி, ஒரு முழுத் தேங்காய், வெல்லம். அரைத்துப் பிசைந்து நாக்கில் தடவித் தடவிக் கொடுக்க வேணும். குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதோண்டி, மஞ்சள், உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெய்.

வைரஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் மறந்துவிட்டு இந்தக் கலவையைப் பாருங்கோ. வாய் முழுக்கப் புண்ணோடு நிற்கிற மாடு வைக்கோலைக் கடிக்காது. அதற்கு மெல்லத் தேவையில்லாத, கொழுப்பும் இனிப்பும் உள்ள சாப்பாடு வேணும். தேங்காயும் வெல்லமும் அதுதான். ஊற வைத்த வெந்தயம் வழுவழுப்பாகப் புண்ணை மூடும். எண்ணெயும் வேம்பும் இலையானை அண்டவிடாது, புழு வைக்காமல் பார்க்கும். ஒரு நாளைக்குப் பல தடவை ஒருவர் மாட்டுக்குப் பக்கத்தில் இருந்து வாய் திறந்து பார்க்க வேண்டி இருக்கும். நல்ல பராமரிப்பு என்று சொல்கிற எல்லாமே இதற்குள் இருக்கு. நோயைக் கடக்க மாட்டுக்கு உதவி செய்கிற வேலை இது. வைரசைக் கொல்கிற வேலை வேறு.

கலத்தில் இருந்து வயிற்றுக்கு

அப்ப தாவரத்தில் வைரசை மறிக்கிற பொருளே இல்லையா? இருக்கு. 2015இல் சீன ஆய்வாளர்கள் பல கீரைவகைகளில் உள்ள அப்பிஜெனின் என்ற பொருள் ஆய்வுகூடக் கலங்களில் கால்வாய் நோய் வைரசின் பெருக்கத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். 2022இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் நிலவேம்பைப் பற்றி எழுதினார்கள். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான அன்ட்ரோகிராபொலைட், அந்த வைரஸ் தன் புரதங்களை வெட்டித் துண்டாக்கப் பயன்படுத்துகிற நொதியத்தைத் தடுக்கிறதாம். அந்தக் கத்தரிக்கோல் வேலை செய்யாவிட்டால் வைரசால் பெருக முடியாது.

இந்தச் செய்தி முகநூலுக்கு வரும்போது "நிலவேம்பு கோமாரியைக் குணமாக்கும்" என்று மாறிவிடும். இடையில் விடுபடுவது மாடு.

கலம் வளர்க்கிற தட்டில் மருந்தை நேரடியாகக் கலத்தின் மேல் ஊற்றலாம். மாட்டுக்கு வாயால் கொடுத்தால் அது முதலில் அசைபோடுகிற பெரிய இரைப்பைக்குள் விழும். ஒரு பெரிய கறவைப் பசுவில் அது 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலைதழையை உடைக்கவென்றே வாழுது. நாங்கள் கொடுக்கிற இலையின் பொருளையும் அவை உடைக்கும். மிஞ்சினது ஈரலைத் தாண்டி, இரத்தத்தில் கலந்து, நாக்குக்கும் குளம்புக்கும் போதுமான அளவில் போய்ச் சேர வேணும். மஞ்சளில் உள்ள குர்குமின் மனிதரிலேயே இரத்தத்துக்குள் போய்ச் சேருவது மிகக் குறைவு. அளவைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். வெங்காயத்தை அளவு மீறிக் கொடுத்தால் மாட்டின் செங்குருதிக் கலங்கள் உடைந்து சோகை வரும். வோர்ம்ஸின் கலவையை நினைச்சுப் பாருங்கோ. பாலில் என்ன வருகிறது என்றும் பார்க்க வேணும். அந்தப் பாலைக் குடிக்கிறது சின்னப் பிள்ளைகள்.

தாவரத்தில் இருந்து மருந்து வந்த கதையும் உலகத்தில் இருக்கு. சீனாவில் து யூயூ 1970களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடி, ஆயிரத்து அறுநூறு வருசம் பழைய மருத்துவ நூல் ஒன்றை வாசித்தார். அதில் அந்த மூலிகையை அவிக்கச் சொல்லேல்லை, தண்ணியில் ஊறவைத்துப் பிழியச் சொல்லி இருந்தது. சூடு மருந்தைக் கெடுக்குதோ என்று யோசித்துக் குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015இல் நொபெல் பரிசும் கிடைத்தது. மலேரியா வைரஸ் நோய் இல்லை, ஒட்டுண்ணி நோய். ஆனாலும் அவர் வேலை செய்த முறை எங்களுக்கு முக்கியம். பழைய நூலை அவர் கும்பிடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. ஒரு சொல்லைக் கவனமாக வாசித்து, சோதித்து, விலங்குகளுக்கும் பிறகு மனிதருக்கும் கொடுத்து, எண்ணிப் பார்த்தார்.

எங்கட மாட்டு வாகடத்துக்கு அந்த மரியாதை இன்னும் போதுமான அளவு கிடைக்கேல்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கஷ்டமானது இல்லை. வெற்றிலைக்கும் மிளகுக்கும் ஒரு கம்பனியால் உரிமம் எடுக்க முடியாது. நூறு மாட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மருந்தும் மற்றப் பக்கத்துக்கு வெறும் வெல்லமும் கொடுத்து எண்ணிப் பார்க்கக் காசு வேணும். இலாபம் இல்லாத ஆராய்ச்சிக்கு அரசும் பல்கலைக்கழகமும்தான் காசு போட வேணும். போடாத வரைக்கும் "இது அறிவியல்" என்பவரும் "இது மூடநம்பிக்கை" என்பவரும் ஒரே இருட்டில் நின்றுதான் கத்துகினம்.

இன்னொரு உண்மையும் இருக்கு. தடுப்பூசி நேரத்துக்கு வருகிற ஊரில் வெற்றிலையைப் பற்றி இவ்வளவு சண்டை வராது. மிருக வைத்தியர் வர நாலு நாள் ஆகும், மருந்து வாங்க ஆயிரக்கணக்கில் வேணும் என்கிற ஊரில்தான் கைக்கு எட்டின இலை மருந்தாகிறது. அந்த வீட்டு ஆக்களைப் பார்த்துச் சிரிக்கிறவர், அங்கே ஏன் தடுப்பூசி போய்ச் சேரேல்லை என்று கேட்கிறாரா?

அடுத்த முறை நோய் வரும்போது இதை வாசிக்கிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. நோய்ப்பட்ட மாட்டைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கோ. மிருக வைத்திய அலுவலகத்துக்கு அன்றைக்கே அறிவியுங்கோ. பெரியம்மையைப் பரப்புவது நுளம்பும் இலையானும் உண்ணியும், அதனால் பட்டியில் புகை போடுவது வீண் இல்லை. தடுப்பூசி எப்ப வரும் என்று கூட்டமாகப் போய்க் கேளுங்கோ. அம்மம்மா தேங்காயும் வெல்லமும் பிசைந்து கொடுத்தால் மறிக்க வேண்டாம். எண்ணெய் காய்ச்சிப் புண்ணில் பூசினால் நீங்களும் ஒரு கை பிடியுங்கோ.

பிறகு ஒரு கொப்பியை எடுங்கோ. என்ன இலை, எவ்வளவு, எந்த அறிகுறிக்கு, எத்தனை நாள், யார் சொன்னது என்று எழுதுங்கோ. மருந்து கொடுத்த மாடு எத்தனை, கொடுக்காத மாடு எத்தனை, இரண்டிலும் எது பிழைத்தது, எது செத்தது என்றும் எழுதுங்கோ. சொன்னவரின் பெயரை விடாமல் எழுதுங்கோ. 1866இல் அந்த ஒரு வரியை எழுத ஒருவர் இருந்திருந்தால், இங்கிலாந்துக்குப் போன வெங்காய மருந்தைப் பற்றி நாங்கள் இன்றைக்கு இவ்வளவு ஊகிக்கத் தேவை இருந்திருக்காது.